பழைய குப்பியா, இன்றைய பதிப்பா? விலங்கு வாசமுள்ள பெர்ஃப்யூமைத் தேர்ந்தெடுப்பது

புனுகும் கஸ்தூரியும் பதனிட்ட தோலும் கலந்த, கனமான பழைய பெர்ஃப்யூம் ஒன்றின் மேல் ஆசை வந்துவிட்டது. ஐம்பது அறுபது வருடத்துக் குப்பி ஒன்றைத் தேடிப் பிடிப்பதா? அதே பெயரில் இப்போது விற்பதை வாங்குவதா? இல்லை, விலங்கு வாசத்துக்காகவே புதிதாகச் செய்கிறார்களே, அதில் ஒன்றைப் போட்டுப் பார்ப்பதா? இப்படிக் கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே பாதி முடிவுக்கு வந்திருப்பார்கள். "பழசுதானே அசல்?" என்பதுதான் அந்தப் பாதி.

அந்தப் பாதியோடுதான் எனக்குத் தகராறு. பழைய குப்பிக்குள் இன்று இருப்பது, அந்தப் பெர்ஃப்யூம் விற்பனைக்கு வந்த நாளில் இருந்தது அல்ல. எந்தப் பெர்ஃப்யூமிலும் முதலில் கெட்டுப்போவது மேலே மிதக்கும் எலுமிச்சை இன வாசங்களும் ஆல்டிஹைடுகள் என்ற பளிச்சிடும் வாசனைச் சேர்மங்களும்தான். கடைசிவரை தாக்குப்பிடிப்பது அடியில் கிடக்கும் கஸ்தூரி, புனுகு, பிசின், வனிலா. போர்வை கரைந்து போக, உள்ளே படுத்திருந்த விலங்கு வெளியே தெரிகிறது. அதைப் பார்த்து "அந்தக் காலத்தில் எவ்வளவு துணிச்சலாகச் செய்திருக்கிறார்கள்!" என்று வியக்கிறோம். துணிச்சல் இருந்தது உண்மை. ஆனால் இன்று முகர்கிற அளவுக்கு இருந்ததா என்பது வேறு கேள்வி.

பிரெஞ்சு நிறுவனமான கெர்லானின் ஷாலிமார் (1925) நல்ல உதாரணம். அதன் தொடக்கத்தில் பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் வாசம் தாராளமாக உண்டு. அதற்குக் கீழேதான் வனிலா, புகை, புனுகு எல்லாம். வெயிலும் காற்றும் பட்ட பழைய ஷாலிமாரில் பெர்கமாட் போய்விட்டிருக்கும். எடுத்த எடுப்பிலேயே நீங்கள் புகைக்குள் நுழைகிறீர்கள். அழகாகத்தான் இருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் ஜாக் கெர்லான் செய்து வைத்த நுழைவாயில் அது இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

எந்த விலங்கு? "அனிமாலிக்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். உள்ளே நாலைந்து வெவ்வேறு ஆசாமிகள் இருக்கிறார்கள். புனுகை நேராக முகர்ந்தால் மலநாற்றம், மலத்திலும் இருக்கும் ஸ்கேட்டோல் என்ற சேர்மம் அதில் இருப்பதால். மிகக் குறைந்த அளவில் கலந்தாலோ, மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் உடம்புச் சூடு வந்துவிடும். கஸ்தூரி மென்மையானது, குளித்துச் சில மணி நேரம் ஆன சருமம் போல. பீவரின் சுரப்பியிலிருந்து வரும் காஸ்டோரியம் பதனிட்ட தோலும் புகையும். ஸ்பெர்ம் திமிங்கலத்தின் அம்பர்கிரிஸ் உப்பு, புகையிலை, கடற்காற்று. அப்புறம் விலங்கே இல்லாத விலங்குகள்: கழுவாத தலைமுடி போல் வாசம் வீசும் கோஷ்ட வேர், வியர்வையை நினைவூட்டும் சீரகம், மல்லிகைக்குள்ளேயே இருக்கும் இண்டோல், தேனும் குதிரைலாயமும் சேர்ந்தாற்போன்ற ஃபீனைல் அசெட்டிக் அமிலம். காஸ்டோரியத்தில் சொக்கிப்போகிறவர் புனுகைக் கண்டால் மூக்கைப் பொத்தலாம். உங்களுக்கு எது வேண்டும் என்று தெரியாமல் குப்பி தேடுவது வீண் வேலை.

என்ன நிலையில் இருக்கிறது? பழைய குப்பிகளுக்கு இதுதான் தலையாய கேள்வி. தனியாகக் கீழே எழுதுகிறேன்.

எவ்வளவு தூரம் போகும்? இந்த வகைப் பெர்ஃப்யூமைப் போட்டவரைவிடப் பக்கத்தில் இருப்பவர்தான் அதிகம் முகர்வார். சில கஸ்தூரி மூலக்கூறுகளைச் சிலரால் முகரவே முடியாது; அந்த ஒன்று மட்டும் அவர்கள் மூக்குக்கு எட்டாது. அப்படிப்பட்டவர் "ஒன்றுமே தெரியவில்லையே" என்று இன்னும் இரண்டு முறை அடித்துக்கொள்வார். அறையில் மற்றவர்கள் ஜன்னலைத் தேடுவார்கள். தவிர, எந்த மூக்கும் அரை மணியில் தன் மேல் உள்ள வாசத்துக்குப் பழகிவிடும்.

சருமத்துக்கு என்ன ஆகும்? பழைய சூத்திரங்களில் இன்று தடை செய்யப்பட்ட பொருள்கள் உண்டு. மஸ்க் அம்ப்ரெட் என்ற செயற்கைக் கஸ்தூரி, வெயில் பட்டால் ஒவ்வாமை கிளப்பக்கூடியது. 1995-ல் ஐரோப்பா அதை விலக்கியது. பழைய பெர்கமாட் எண்ணெயில் இருக்கும் பெர்காப்டெனும் வெயிலோடு சேர்ந்தால் சருமத்தில் கருந்திட்டு விடும். இவை போக, வாசனை எண்ணெய்களில் இயல்பாகவே இருக்கும் லிமோனீனும் லினலூலும் காற்றுபட்டு ஆக்ஸிஜனேற்றம் அடையும்போது அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும் பெராக்ஸைடுகளாக மாறுகின்றன. அதாவது, செய்தபோது சாதுவாக இருந்ததும் குப்பிக்குள்ளேயே தொந்தரவுக்காரராக மாறியிருக்கலாம்.

தீர்ந்தால் மறுபடி கிடைக்குமா? தினமும் போட நினைப்பவருக்கு இது முக்கியம். வருடத்துக்கு நாலு முறை போடுபவர் கவலைப்படத் தேவையில்லை.

மனசாட்சி. சிலருக்கு இதுவே முதல் கேள்வி. புனுகுப் பூனைகளைக் கூண்டில் அடைத்துச் சுரண்டி எடுப்பதுதான் வழக்கமான முறை. கஸ்தூரிக்கு ஆண் மானைக் கொன்றார்கள். 1970-களிலிருந்து சைட்டீஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு ஒப்பந்தம் அந்த வணிகத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: இருபதாம் நூற்றாண்டுப் பெர்ஃப்யூம்களில் இருந்த கஸ்தூரியில் பெரும்பகுதி மானிடமிருந்து வந்ததே அல்ல. 1888-ல் ஆல்பர்ட் பாவர் என்ற வேதியியலாளர் வெடிமருந்து ஆராய்ச்சியில் இருந்தபோது கண்டெடுத்த நைட்ரோ கஸ்தூரிகளும் பின்னால் வந்த மற்றச் செயற்கைக் கஸ்தூரிகளும்தான் அவை. "அசல் கஸ்தூரி" என்று யாராவது பழைய குப்பியைக் காட்டினால், கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள்.

## கெட்டுப்போனதா, விலங்கா?

முதல் முறை முகர்பவர்களை அதிகம் குழப்புவது இதுதான். முகம் சுளிக்க வைக்கிற வாசம் வருகிறது. அது பெர்ஃப்யூமரின் புனுகா, காலத்தின் கைவரிசையா?

கெட்டுப்போன வாசம் புளிப்பாகவும் கூராகவும் இருக்கும். நகப்பூச்சு அழிப்பான், டர்பன்டைன், சிக்கடித்த எண்ணெய், நனைந்த அட்டைப்பெட்டி என்று வரிசையாகச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் பொதுவான குணம், அவை நகர்வதில்லை. ஒரே இடத்தில் நின்று ஒரே சுதியில் கத்தும், அப்புறம் போய்விடும், அல்லது போகாது. விலங்கு வாசம் நகரும். முதலில் லாயம் போல் அடித்தது, இருபது நிமிடத்தில் தேனாகும், இரண்டு மணி நேரத்தில் யாருடைய கழுத்தோ போல் ஆகும். அசிங்கமாகத் தொடங்கினாலும் அதற்குள் ஓர் இனிப்பும் வெதுவெதுப்பும் இருக்கும். சுளித்த முகத்தோடு மறுபடி முகரத் தோன்றினால், அது பெரும்பாலும் விலங்குதான்.

முதல் அரை மணி நேரத்தில் வரும் கெட்ட வாசத்தை மன்னித்துவிடலாம். மேல் அடுக்கு மட்டும் போயிருக்கிறது, உடம்பு நன்றாக இருக்கிறது என்று பொருள். ஒரு மணி நேரம் கழித்தும் அதே புளிப்பு இருந்தால் பூக்களும் போய்விட்டன. அந்தக் குப்பியை அலமாரியில் அழகுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இதில் இரண்டு நுணுக்கம் உண்டு. கண்ணாடி அடைப்பான் உள்ள குப்பியில், கழுத்தின் உட்புறமும் அடைப்பானின் சொரசொரப்பான அடிப்பகுதியும் பல வருடத் திரவம் காய்ந்து, பழுப்பாக, பிசுபிசுவென்று இருக்கும். வார்னிஷ் மாதிரி ஒரு நாற்றம். அடைப்பானைத் திறந்து நேராக மணிக்கட்டில் தேய்த்தால் நீங்கள் முகர்வது அந்தக் கசடைத்தான், பெர்ஃப்யூமை அல்ல. சாராயத்தில் (ஆல்கஹாலில்) நனைத்த பஞ்சால் கழுத்தையும் அடைப்பானையும் துடைத்துவிட்டு, ஒரு கண்ணாடிச் சொட்டுக்குழாயை உள்ளே விட்டு நடுவிலிருந்து எடுங்கள். ஒரே குப்பிதானா என்று சந்தேகம் வரும். ஸ்ப்ரே பாட்டிலாக இருந்தால், குழாய்க்குள் நின்றுபோன திரவம்தான் முதல் மூன்று நான்கு முறை அழுத்தும்போது வரும். அதைத் துணியில் அடித்துவிட்டு அப்புறம் சருமத்துக்குப் போங்கள்.

நிறத்தைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். வனிலினும் இண்டோலும் காலப்போக்கில் தாமாகவே கருக்கும். கஷாய நிறத்தில் இருக்கும் எத்தனையோ எக்ஸ்ட்ரெ (மிகச் செறிவான வடிவம்) அருமையாக இருக்கின்றன. பளிச்சென்று இருப்பதில்தான் சில சமயம் சந்தேகம், யாராவது வேறெதையோ ஊற்றி நிரப்பியிருப்பார்களோ என்று.

## தேர்வு 1: பழைய எக்ஸ்ட்ரெ

எக்ஸ்ட்ரெ, அதாவது பெட்டியில் "பர்ஃபம்" என்று மட்டும் போட்டிருக்கும் மிகச் செறிவான வடிவம். திரவத்தில் சுமார் 20 முதல் 30 சதவீதம் வாசனைப் பொருள். சின்னக் குப்பி, ஸ்ப்ரே கிடையாது, தொட்டுத் தொட்டுப் போட வேண்டும்.

பழசில்தான் போக வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால், என் ஓட்டு இதற்குத்தான். இதில் கனம் அடியில்தான் இருக்கிறது. மேல் அடுக்கு போனாலும் இழப்பு கொஞ்சம். ழான் பத்துவின் ஜாய் (1930) எக்ஸ்ட்ரெயில் மல்லிகையும் ரோஜாவும் புனுகோடு பின்னிக் கிடக்கும். எது பூ, எது பூனை என்று பிரித்துச் சொல்ல முடியாது. ழான் தெப்ரே 1962-ல் செய்த பால் ஆ வெர்சாயும் அப்படித்தான், அதில் இன்னும் கொஞ்சம் பொடியும் பிசினும். இந்த உருண்டு திரண்ட தன்மையைப் பிற்காலப் பதிப்புகளில் நான் பார்த்ததில்லை.

இன்னொரு லாபம், எக்ஸ்ட்ரெ அதிகம் பரவாது. சருமத்தோடு ஒட்டிக் கிடக்கும். புனுகு இருந்தும் பக்கத்து நாற்காலிக்காரர் நெளிய மாட்டார். செறிவு கூடினால் ஊரே முகரும் என்று பலர் நினைப்பது தவறு.

மறைமுகச் செலவுகளுக்கு வருவோம். கண்ணாடி அடைப்பான்கள் இறுகிப்போகும். திறக்கிற முயற்சியில் கழுத்து உடைந்த குப்பிகள் ஏராளம். நூலும் சவ்வும் சுற்றி முத்திரை போட்ட குப்பியிலிருந்துகூடச் சாராயம் ஆவியாகும்; கால்வாசி குறைந்திருந்தால் மிச்சம் இருப்பது கெட்டியாக, தேன் போல, நினைத்ததைவிடக் கடுமையாக இருக்கும். தபாலில் வரும்போது கசியும். காலிக் குப்பியில் வேறு திரவம் ஊற்றி விற்பதும் நடக்கிறது. எல்லாம் தாண்டி நல்ல குப்பி கிடைத்தாலும், அடைப்பானால் கழுத்தைத் தொட்டு அதையே திரும்ப உள்ளே விடுவீர்கள். சருமத்து எண்ணெய் குப்பிக்குள் போய்ச் சேரும். தொடுவதற்குத் தனியாக ஒரு கண்ணாடிக் குச்சி வைத்துக்கொள்வது நல்லது.

## தேர்வு 2: பழைய ஓ டி டாய்லெட், ஓ டி கொலோன்

இரண்டும் எக்ஸ்ட்ரெயைவிடச் செறிவு குறைந்த வடிவங்கள். குப்பி பெரிது, எளிதில் கிடைக்கும், ஆசை காட்டும். ஆனால் நான் இங்கேதான் அதிகம் தயங்குவேன்.

ஓ டி டாய்லெட்டை எக்ஸ்ட்ரெயில் தண்ணீர் சேர்த்தது என்று எண்ண வேண்டாம். பழைய நிறுவனங்கள் பலவும் அதற்கென்று தனிச் சூத்திரம் எழுதின. மேலே எலுமிச்சை இன எண்ணெய்களைக் கூட்டி, அடியைக் குறைத்து, விரைவாக எழும்பும்படி செய்தன. அப்படியென்றால் முதலில் கெடும் பொருள்தான் இதில் அதிகம். ஓ டி கொலோனில் இன்னும் மோசம். பாதி காலியான பெரிய குப்பியில் முப்பது வருடமாகக் காற்று குடியிருந்தால், மிச்சம் என்ன இருக்கும்?

விதிவிலக்கு உண்டு. தலையைக் கழற்ற முடியாதபடி அடைத்த ஸ்ப்ரே பாட்டில்களில் காற்று அவ்வளவாகப் புகாது. பெட்டிக்குள்ளேயே இருந்து, வெயில் படாமல், நிறைய மிச்சமிருக்கும் ஸ்ப்ரே கிடைத்தால், எக்ஸ்ட்ரெயைவிடவும் அசலுக்குப் பக்கத்தில் இருக்கலாம், மேல் அடுக்கு உட்பட. ஈவ் சேன் லோரானின் கூரோஸ் (1981) போன்றவற்றை நாடுபவர்களுக்கு இதுவே வழி. 1980-களின் ஸ்ப்ரே கூரோஸ் தேனும் தூபமும் சலவைக்குப் போகாத சட்டையுமாக எழுந்து வரும். பிந்தைய பதிப்புகளில் அந்தச் சட்டையைத் துவைத்துவிட்டார்கள்.

சருமச் சிக்கலும் இந்த வகையில்தான் அதிகம். எலுமிச்சை இன எண்ணெய் நிறைய, அதைக் கழுத்திலும் கையிலும் தாராளமாக அடிக்கும் பழக்கம் வேறு. வெயிலில் போகும் நாளில் வேண்டாம். துணியில் போடலாம், வெளிர் நிறப் பட்டில் கறை படியும், அதையும் மனதில் வையுங்கள்.

## தேர்வு 3: அதே பெயரில் இன்றைய பதிப்பு

பழசின் ரசிகர்கள் இதைக் கேவலமாகப் பேசுவார்கள். பாதிதான் நியாயம்.

மாற்றங்களுக்குக் காரணங்கள் உண்டு. புனுகும் கஸ்தூரியும் செயற்கைக்கு மாறின. ஓக் மரத்தில் வளரும் பாசி போன்ற வாசனைப் பொருளான ஓக் பாசியில் இருக்கும் அட்ரனால், குளோரோஅட்ரனால் என்ற ஒவ்வாமைப் பொருள்கள் இரண்டையும் ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் தடை செய்ய முடிவெடுத்து, 2021-க்குள் கடைகளிலிருந்தே அகற்றியது. கெர்லானின் மிட்சுகோ (1919) போன்ற பாசி வாசப் பெர்ஃப்யூம்கள் அந்தப் பொருள்கள் நீக்கப்பட்ட பாசியோடு வாழப் பழகிக்கொண்டன. கோஷ்ட எண்ணெயைத் தொழில்துறையே ஒவ்வாமைக்காக ஒதுக்கிவிட்டது.

"புதியது என்றால் விலங்கு செத்துவிட்டது" என்பது மட்டும் பொய். ரோஷாஸின் ஃபாம் அதற்கு நல்ல சாட்சி. எட்மோன் ரூட்னிட்ஸ்கா 1944-ல் செய்தது பிளம்ஸும் பாசியும் சேர்ந்த, மெத்தென்ற ஒன்று. 1989-ல் ஒலிவியே கிரெஸ்ப் அதைத் திருத்தி எழுதியபோது சீரகத்தைத் தூக்கலாகப் போட்டார். வியர்வை வாசம் வேண்டுபவர் பழைய ஃபாமைத் தேடி அலைந்தால் ஏமாந்துபோவார். அவருக்கு வேண்டியது பிந்தைய பதிப்பில் இருக்கிறது. கெர்லானின் ஜிக்கியும் (1889) இன்றும் லாவெண்டருக்குப் பின்னால் புனுகுச் சாயலோடுதான் வருகிறது. அசல் புனுகு இல்லாமலே.

இந்தத் தேர்வின் பெரிய பலம், மேல் அடுக்கு இதில் முழுசாக இருப்பது. பெர்கமாட் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, பூ எப்போது எழுகிறது என்று கட்டுமானம் புரியும். பழைய குப்பியை எடை போடுவதற்கே இது உதவும். என் வழக்கம், ஒரு கையில் இன்றைய பதிப்பு, மறு கையில் பழையது. முதல் மணி நேரத்தில் புதியதை நம்புவேன், ஐந்தாவது மணி நேரத்தில் பழையதை. இரண்டையும் மனதில் ஒட்டிப் பார்த்தால்தான் அசல் எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவு பிடிபடும்.

வெர்சாயில் 1990-ல் தொடங்கிய ஆஸ்மோதெக் என்ற வாசனைக் காப்பகம் செய்வதையும் கவனியுங்கள். மறைந்துபோன பெர்ஃப்யூம்களைப் பழைய சூத்திரத்தின்படி புதிதாகக் கலந்து, இருட்டில், 12 டிகிரியில், காற்றுக்குப் பதில் ஆர்கான் வாயு நிரப்பி வைக்கிறார்கள். பழைய குப்பியை அப்படியே நம்புவதாக இருந்தால் இவ்வளவு பாடு எதற்கு?

மறைமுகச் செலவு: பெயர் ஒன்றாக இருக்கும், உள்ளே மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் விரும்பி முடித்த பாட்டிலுக்கும் அடுத்து வாங்கும் பாட்டிலுக்கும் நடுவில் சத்தமில்லாமல் சூத்திரம் மாறலாம். பெயரே கைமாறுவதும் உண்டு. 2018-ல் டியோர் வெளியிட்ட ஜாய்க்கும் பத்துவின் ஜாய்க்கும் பெயரைத் தவிர உறவில்லை. பெட்டியைப் பார்த்து ஓரளவு காலம் கணிக்கலாம்: லினலூல், லிமோனீன் என்று ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியல் பெட்டியில் இருந்தால் அது 2005-ஐ ஒட்டியோ அதற்குப் பின்னோ வந்தது. "விண்டேஜ்" என்று விற்பவர் அந்தப் பட்டியல் உள்ள பெட்டியைக் காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

## தேர்வு 4: புதிதாகச் செய்த விலங்கு வாசம்

செர்ஜ் லூட்டன்ஸ் நிறுவனத்துக்காக கிறிஸ்டபர் ஷெல்ட்ரேக் 1998-ல் செய்த மஸ்க் குப்லாய் கான் இந்த வழியைத் திறந்தவற்றில் ஒன்று. அப்புறம் சிறு நிறுவனங்கள் வரிசையாக வந்தன; பாப்பிலானின் சலோமே (2015), ஸூலஜிஸ்டின் சிவெட் எல்லாம் அந்தப் பரம்பரை. பழைய பெர்ஃப்யூமில் பூவுக்கு வேலை செய்ய விலங்கு இருந்தது. இவற்றில் விலங்கைக் காட்டத்தான் பூவே இருக்கிறது.

வித்தியாசம் போட்டவுடன் தெரியும். பழையதில் புனுகு எங்கே என்று கேட்டால் விரல் நீட்டிக் காட்ட முடியாது, எல்லாவற்றிலும் ஊறியிருக்கும். புதியவற்றில் "இதோ நான்" என்று முன்னால் நிற்கும். எந்த விலங்கு உங்களுக்குப் பிடிக்கும் என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. நிலை பற்றிய கவலை இல்லை, சருமப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது, சாம்பிள் கிடைக்கும், அசல் புனுகோ கஸ்தூரியோ வேண்டாம் என்பவருக்கும் நிறையத் தேர்வுகள் உண்டு.

குறை என்னவென்றால், சீக்கிரம் அலுத்துவிடும். முதல் வாரம் எல்லோரிடமும் முகரக் கொடுப்பீர்கள், மூன்றாவது மாதம் பாட்டில் முக்கால்வாசி நிறைந்தபடியே நிற்கும். போட்டுக்கொண்டு போக இடமும் கம்மி. அதனால் இந்த வகையில் முழு பாட்டில் வாங்கும் முன் ஒரு சின்ன டிகான்ட்டை (பெரிய பாட்டிலிலிருந்து சின்னக் குப்பியில் பிரித்துத் தருவது) கடைசிச் சொட்டுவரை தீர்த்துப் பாருங்கள். தீர்ந்த பிறகும் தேடுகிறது என்றால் மட்டும் பாட்டில்.

## ஒரே பார்வையில்

| | பழைய எக்ஸ்ட்ரெ | பழைய ஓ டி டாய்லெட் | இன்றைய பதிப்பு | புதிய விலங்கு வாசம் |
|---|---|---|---|---|
| மேல் அடுக்கு | பெரும்பாலும் போயிருக்கும் | போயிருக்கும். நல்ல ஸ்ப்ரேயில் தப்பலாம் | முழுசாக இருக்கும் | முழுசாக இருக்கும் |
| விலங்கின் தன்மை | ஆழம், கலந்து ஊறியது | மெலிது அல்லது திரிந்தது | அடக்கம். சில விதிவிலக்குகள் | முன்னால் நிற்கும் |
| பரவல் | சருமத்தோடு | முதலில் வேகம், பிறகு குறையும் | நடுத்தரம் | பெரும்பாலும் அதிகம் |
| சரும ஆபத்து | உண்டு, போடும் அளவு குறைவு | அதிகம் | குறைவு | குறைவு |
| மறுபடி கிடைப்பது | அதிர்ஷ்டம் | அதிர்ஷ்டம் | எளிது, சூத்திரம் மாறலாம் | எளிது |
| மறைந்த செலவு | போலி, கசிவு, இறுகிய அடைப்பான் | கெட்டுப்போன பெரிய குப்பி | சத்தமில்லா மாற்றம் | அலுப்பு |

## யாருக்கு எது

விலங்கு வாசத்தோடு பழக்கமே இல்லாதவர் நான்காவதின் சாம்பிள்களில் தொடங்கட்டும்: ஒரு புனுகு, ஒரு காஸ்டோரியம், ஒரு சீரகம், ஒரு சுத்தமான கஸ்தூரி. அதற்கு முன் பழைய குப்பிக்குப் போகவே வேண்டாம். கெட்டதையும் விலங்கையும் பிரிக்கிற மூக்கு இன்னும் வந்திருக்காது.

அலுவலகம், பயணம், கூட்டம் என்று தினமும் மனிதர்களுக்கு நடுவில் போட நினைப்பவருக்கு இன்றைய பதிப்பு. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. தீர்ந்தால் வாங்கலாம், அளவு தெரியும், யாரும் மூச்சுத் திணற மாட்டார்கள்.

இரவில், வீட்டில், தனக்காக மட்டும் போடுபவர், அல்லது ஒரு காலத்தின் கைத்திறனைச் சருமத்தில் உணர்ந்து பார்க்க விரும்புபவர் பழைய எக்ஸ்ட்ரெக்குப் போகலாம். மிகச் சிறிய குப்பி போதும். நிறைந்த சின்னக் குப்பி, பாதி காலியான பெரிய குப்பியைவிட எப்போதும் மேல்.

பழைய ஓ டி டாய்லெட் வேண்டும் என்றால் அடைத்த ஸ்ப்ரே மட்டும். அதுவும் குறிப்பிட்ட ஒரு பெர்ஃப்யூம்தான் வேண்டும், அது எக்ஸ்ட்ரெயாக வந்ததே இல்லை என்கிற நிலைமையில்.

ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்கள் பழசின் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்.

## போட்டுப் பார்க்கும் முறை

காகித அட்டையில் முகர்ந்து தீர்ப்பு சொல்லாதீர்கள். அட்டைக்கு உடம்புச் சூடு இல்லை. புனுகு அதில் வெறும் நாற்றமாகவே நின்றுவிடும். பழைய குப்பியில் முதலில் முழங்கை மடிப்பின் உட்புறத்தில் ஒரே ஒரு சொட்டு. வெயில் படாத இடம், மூக்குக்கு நினைத்தபோது எட்டும் தூரம், அரித்தால் உடனே கழுவலாம். அன்றைக்கு வேறு வாசம் எதுவும் வேண்டாம், சோப்பு உட்பட.

முதல் இருபது நிமிடம் முகரவே முகராமல் இருந்தால் நல்லது. அதன் பிறகு ஒரு முறை, இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை, படுக்கப் போகும் முன் ஒரு முறை. மறுநாள் காலை சட்டையின் மடிப்பை முகர்ந்து பாருங்கள். அடியில் இருப்பது எவ்வளவு நல்ல சரக்கு என்று அது சொல்லிவிடும். நடுவில் பக்கத்தில் இருக்கும் யாரிடமாவது, "என்ன போட்டிருக்கிறேன்?" என்று கேட்காமல், "ஏதாவது வாசம் வருகிறதா, எவ்வளவு தூரத்திலிருந்து?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு மரியாதைக்காகப் பொய் சொல்வார்கள்.

வெப்பமும் புழுக்கமும் விலங்கைப் பெரிதாக்கும். குளிர்ந்த நாளில் பிடித்துப்போனதை வெயில் நாளிலும் ஒரு முறை சோதித்த பிறகே பெரிய முடிவு எடுங்கள்.

வாங்கியாயிற்று, குப்பி திறந்தாயிற்று என்றால், திரவத்தைச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் கழுத்துவரை நிரப்பிப் பிரித்து வைத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் புழக்கத்தில் வைத்து, மற்றவற்றைக் குளியலறை தவிர வேறு எங்காவது, இருட்டான, சூடு ஏறாத அலமாரியில் வையுங்கள். அழகான பழைய குப்பியைக் காலியாகவே கண்ணாடி முன் வைத்துக்கொள்ளலாம், வெயில் பட்டாலும் பரவாயில்லை.